பைக் வாங்கும் முன் அறையைப் பாருங்கள்: கோவையில் சொந்த வண்டி இல்லாமல் கல்லூரி போய்வருவது

உடுமலைப்பேட்டைக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். பீளமேட்டில் அவினாசி சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் அவருக்குப் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. விடுதிக் கட்டணம் வீட்டுக்குக் கட்டுபடியாகாது. பள்ளியில் உடன் படித்த மூன்று பேர் சரவணம்பட்டியில் வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். நால்வரும் பிரித்துக்கொண்டால் வாடகை குறைவு. கோவையில் பைக் இல்லாமல் படிக்கவே முடியாது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வதால், அப்பா கறவை மாடு ஒன்றை விற்று முன்பணம் கட்டி, மீதியைத் தவணையில் அடைக்கலாம் என்கிறார். வாங்கலாமா, வாங்காமல் சமாளிக்க முடியுமா என்று கேட்கிறார்.

தம்பி, இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. கோவையில் சொந்த வண்டி இல்லாமல் ஒரு மாணவர் நான்கு வருடம் படித்து முடிக்க முடியுமா என்பது ஒன்று. சரவணம்பட்டியில் தங்கிக்கொண்டு தினமும் பீளமேட்டுக்கு வண்டி இல்லாமல் போய்வர முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாக முடியும். இரண்டாவதற்கு, முடியும், ஆனால் மிகவும் சிரமப்படுவீர்கள். முதல் பருவத் தேர்வு வருவதற்குள் வண்டி கேட்டு வீட்டுக்குப் போன் செய்துவிடுவீர்கள். ஆகவே மாட்டை விற்பதற்கு முன்னால் அறையை மாற்றிப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துனராகச் சேர்ந்து, பிறகு நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சேரன் போக்குவரத்துக் கழகம் என்று பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்த காலத்தில் வேலைக்கு வந்தேன். பணிக்காலத்தின் பெரும்பகுதி கோவை டவுன் பஸ்களில்தான் போயிற்று. அதனால் எந்தச் சாலையில் பஸ் எப்படி ஓடும், எங்கே தேங்கும், எப்போது காலியாக வரும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். இன்ன பஸ் இத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அந்த நேரங்கள் அடிக்கடி மாறுகிறவை, நிலையத்தில் இன்று உட்கார்ந்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

கோவையின் சாலை அமைப்பு வண்டிச் சக்கரம் போன்றது. குடத்திலிருந்து ஆரக்கால்கள் கிளம்புவதுபோல ஊரின் நடுவிலிருந்து ஒவ்வொரு திசைக்கும் ஒரு பெரிய சாலை கிளம்புகிறது. கிழக்கே அவினாசி சாலை, திருச்சி சாலை. வடகிழக்கே சத்தி சாலை. வடக்கே மேட்டுப்பாளையம் சாலை. மேற்கே தடாகம் சாலை, மருதமலைச் சாலை, பேரூர் வழியாகப் போகும் சிறுவாணிச் சாலை. தெற்கே பாலக்காட்டுச் சாலை, பொள்ளாச்சி சாலை. டவுன் பஸ் வழித்தடங்கள் பெரும்பாலும் இந்தச் சாலைகளைப் பிடித்துக்கொண்டு காந்திபுரத்துக்கோ உக்கடத்துக்கோ வந்து சேரும். அல்லது ஒரு சாலையின் கோடியிலிருந்து ஊருக்குள் புகுந்து இன்னொரு சாலையின் கோடிக்குப் போகும். ஒரே சாலையில் மேலும் கீழும் போய்வருகிறவருக்கு இந்த ஊரில் பஸ் வசதி நன்றாகவே இருக்கிறது. ஒரு சாலையிலிருந்து பக்கத்துச் சாலைக்குக் குறுக்கே போக வேண்டியவருக்குத்தான் கஷ்டம்.

உங்கள் நண்பர்கள் பார்த்திருக்கும் வீடு சத்தி சாலையில் இருக்கிறது. கல்லூரி அவினாசி சாலையில். குறுக்கே விளாங்குறிச்சி வழியாகப் போனால் ஆறேழு கிலோமீட்டர்தான், அதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அந்தக் குறுக்குப் பாதையில் பஸ் அரிதாகத்தான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று நிச்சயம் இல்லை. நம்பகமான வழி, கணபதி வழியாகக் காந்திபுரம் வந்து, அங்கே பஸ் மாறி, லட்சுமி மில், நவஇந்தியா தாண்டிப் பீளமேட்டில் இறங்குவது. தூரம் இரட்டிப்பாகிவிடும். தூரத்தைவிட, நடுவில் பஸ் மாறுவதுதான் ஆளைக் களைப்படையச் செய்யும். காலை எட்டு மணிக்குச் சத்தி சாலையில் நெரிசலில் நின்றபடி வந்து, காந்திபுரத்தில் இறங்கி, கூட்டத்தில் அடுத்த பஸ்ஸைத் தேடி ஓடி, மறுபடியும் நின்றபடி போக வேண்டும். இதைத் தினமும் இரண்டு வேளை செய்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் முதல் வகுப்புக்குப் போவதை விடுவார்கள், பிறகு பஸ்ஸை விடுவார்கள்.

இதே வாடகைக் கணக்கோடு அவினாசி சாலையின் மேலேயே ஒரு இடம் பாருங்கள். லட்சுமி மில், நவஇந்தியா, பாப்பநாயக்கன்பாளையம், பீளமேடு, மசக்காளிபாளையம், ஹோப் காலேஜ், சிட்ரா, கோல்டுவின்ஸ், இன்னும் தள்ளிப் போனால் சின்னியம்பாளையம். கல்லூரிக்குப் பக்கத்தில் வாடகை கூடுதலாகத்தான் இருக்கும். ஊருக்கு வெளிப்பக்கமாகப் போகப் போகக் குறையும். சின்னியம்பாளையத்தில் இருந்தால்கூட ஒரே பஸ், ஏறிய இடத்தில் ஏறி இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிவிடலாம். சரவணம்பட்டி வீட்டைவிட மாதம் ஐந்நூறு, எழுநூறு ரூபாய் கூடுதலாக ஆனாலும் அது பைக்கின் ஒரு மாதப் பெட்ரோலைவிடக் குறைவு. மூன்று நண்பர்களுடன் இருக்கிற சுகம் போய்விடுமே என்று தோன்றும். அது உண்மையான இழப்புதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களில் எத்தனை பேருடைய கல்லூரி சத்தி சாலையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும்தான் என்றால், மற்ற மூவருமே சேர்ந்து வேறு இடம் பார்க்கலாம்.

அறை பார்க்கும்போது வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப் பக்கம்தான் என்பார். அதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். வாசலிலிருந்து நிறுத்தம் வரை நடந்து பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் மழைக்காலத்தில் அது பெரிய தூரம். அந்த வழியில் இரவு விளக்கு எரிகிறதா, நாய்த் தொல்லை உண்டா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பிறகு ஒரு வேலை நாளில், ஞாயிற்றுக்கிழமையில் அல்ல, காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே கால் வரை அந்த நிறுத்தத்தில் சும்மா நில்லுங்கள். எத்தனை பஸ் வந்தது, அவற்றில் எத்தனை நின்றது, நின்றதில் எத்தனையில் ஏற முடிந்தது என்று எண்ணுங்கள். கால அட்டவணை சொல்லாததை அந்த அரை மணி நேரம் சொல்லிவிடும். வரைபடச் செயலியில் காட்டும் டவுன் பஸ் நேரத்தை வைத்து அறை முடிவு செய்யாதீர்கள். நம் ஊர் டவுன் பஸ்ஸுக்கு அதை முழுதாக நம்ப முடியாது.

பஸ்ஸைப் பற்றி ஒரு விஷயம் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் போய்விடும். இருபது நிமிடம் ஒன்றும் வராது, பிறகு மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று பயணிகள் திட்டுவார்கள். நடப்பது வேறு. முன்னால் போகும் பஸ் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டிக்கொள்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கூட்டம் ஏறி இறங்க நேரம் ஆகிறது, அதனால் இன்னும் தாமதமாகிறது, அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆள் இல்லை. அது சீக்கிரமாகவே வந்து முன்னதை ஒட்டிக்கொள்கிறது. ஆகவே நீண்ட நேரம் கழித்து நிரம்பி வழிந்துகொண்டு ஒரு பஸ் வந்தால், பின்னால் எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இன்னொன்று காலியாக வந்துகொண்டிருக்கும். ஒரு நிமிடம் பொறுத்தால் உட்கார்ந்தே போகலாம். படிக்கட்டில் தொங்க வேண்டிய அவசியமே வராது. படிக்கட்டுப் பயணம் வீரம் என்று முதலாண்டில் சில பையன்கள் நினைப்பார்கள். பக்கத்தில் உரசிப் போகும் லாரியும் சாலையோர மின்கம்பமும் அதை வீரமாகப் பார்ப்பதில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உடன் வருகிறவர்களையும் செய்ய விடாதீர்கள்.

கோவையில் அரசு பஸ்ஸோடு தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன. தனியார் பஸ்ஸில் அன்றைய வசூலைப் பொறுத்து ஊழியருக்குப் படி கிடைக்கும், அதனால் ஆளைப் பார்த்தால் நிறுத்துவார்கள், கூப்பிட்டு ஏற்றுவார்கள். நிலையத்தில் ஒரு நிமிடம் முன்னால் எடுத்தான், பின்னால் எடுத்தான் என்று அவர்களுக்குள் நடக்கிற தகராறுகளை நேரக் காப்பாளர் அறையின் ஜன்னல் வழியே தினமும் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு நிறுத்தத்துக் கூட்டமே கை மாறும், அதனால்தான் அவ்வளவு சண்டை. உங்களுக்கு இதில் தெரிந்திருக்க வேண்டியது, அரசு கொடுக்கும் எந்தப் பாஸும் தனியார் பஸ்ஸில் செல்லாது என்பதுதான்.

பாஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரியா தனியார் கல்லூரியா என்று நீங்கள் எழுதவில்லை. அரசுக் கல்லூரி, அரசுப் பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இலவசப் பாஸ் உண்டு. தனியார் கல்லூரி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. இரண்டுக்குமே விண்ணப்பம் கல்லூரி அலுவலகத்தின் வழியாகத்தான் போகும். சலுகை உண்டு என்பதே தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போகிற தனியார் கல்லூரிப் பிள்ளைகள் பலர்; சேர்ந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பாஸில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று எழுதித்தான் தருவார்கள். அதனால் அறை முடிவான பிறகு விண்ணப்பியுங்கள், நடுவில் அறை மாறினால் பாஸையும் மாற்ற வேண்டும். உங்களோடு படிக்கப்போகும் பெண்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. திருநங்கையருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் அந்த வசதி உண்டு. இதைப் படிக்கிற பெண் பிள்ளைகள் அறை தேடும்போது, சாதாரண டவுன் பஸ் அதிகம் ஓடுகிற தடமாகப் பார்த்தால் மாதச் செலவில் பெரிய மிச்சம் இருக்கும்.

அவினாசி சாலையில் இப்போது ஒரு புதிய கவனம் தேவை. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரில் கட்டிய மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. சொந்த வண்டிக்காரர்களுக்கு அது பெரிய வரம். பஸ் பயணிக்கு அப்படியே நன்மை என்று சொல்லிவிட முடியாது. மேலே ஏறிப் போகும் பஸ் நடுவில் உங்களை இறக்கிவிட முடியாது. முன்பெல்லாம் காந்திபுரத்திலிருந்து திருப்பூர், ஈரோடு, சேலம் போகும் வெளியூர் பஸ்ஸில் ஏறிப் பீளமேட்டிலோ ஹோப் காலேஜிலோ இறங்கிக்கொள்ளலாம். இனி ஏறுவதற்கு முன் மேலே போகுமா, கீழே போகுமா என்று நடத்துனரிடம் கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஏறினால் கல்லூரியைக் கீழே பார்த்துக்கொண்டே கோல்டுவின்ஸில் போய் இறங்க வேண்டியிருக்கும். கார்கள் மேலே போய்விட்டதால் கீழ்ச்சாலை காலியாகி டவுன் பஸ் வேகமாகப் போகும் என்பது எதிர்பார்ப்பு. பாலம் வந்த ஊர்களில் முதல் சில வருடம் அப்படித்தான் இருக்கும், பிறகு கீழும் நிறைந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்; அது அபிப்பிராயம் மட்டுமே.

ரயில் உங்களுக்கு அதிகம் உதவாது. பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் ரயில் நிலையங்கள் இருந்தாலும் நிற்பவை சில பயணிகள் ரயில்கள்தான். ஆனால் திருப்பூர், சோமனூர், இருகூர் பக்கத்திலிருந்து தினமும் வீட்டிலிருந்தே வந்து படிக்கிறவர்களுக்கும், மேட்டுப்பாளையம், காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் வழியில் இருப்பவர்களுக்கும், பாலக்காடு பாதையில் எட்டிமடைக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கும் ரயிலைப்போல மலிவானது வேறு இல்லை. மாத சீசன் டிக்கெட்டில் மாணவர்களுக்குப் பாதிச் சலுகை உண்டு. பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் இலவசம். இதற்கும் கல்லூரிச் சான்று வேண்டும். சீசன் வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது. இன்னொன்று, கேரளத்துக்குப் போகிற சில விரைவு ரயில்கள் கோவைச் சந்திப்புக்கே வராமல் இருகூர், போத்தனூர் வழியாகப் போய்விடும். ரயிலின் பெயரை மட்டும் பார்த்து ஏறாதீர்கள்.

சைக்கிளை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். நீங்கள் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தவர் என்றால் பதினோராம் வகுப்பில் கொடுத்த மிதிவண்டி வீட்டில் இருக்கும். திண்ணையோரம் டயர் காற்றுப் போய்ச் சாய்ந்திருக்கிற அதை எடுத்து, டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றிக் கோவைக்குக் கொண்டுவாருங்கள். உடுமலையிலிருந்து தக்காளியும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு கோவை மார்க்கெட்டுக்கு வண்டி வராத நாள் கிடையாது. தெரிந்த வண்டிக்காரரிடம் சொன்னால் மேலே போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அறைக்கும் கல்லூரிக்கும் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் இருந்தால் சைக்கிளுக்கு நிகர் எதுவும் இல்லை. பீளமேட்டைச் சுற்றி ஊர் பெரும்பாலும் சமதளம்தான். ஆனி, ஆடி மாதங்களில் மட்டும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்று கிழக்கிலிருந்து மேற்கே மிதிப்பவரை நிறுத்தி வைத்துவிடும். மருதமலைச் சாலைக் கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும், அங்கே ஏற்றமும் உண்டு. அவினாசி சாலையின் மேலேயே சைக்கிள் ஓட்டாதீர்கள். உள்வீதிகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்கின்றன, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றிப் பார்த்து உங்கள் வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு, நல்ல பூட்டு ஒன்று, இரண்டுக்கும் காசு பார்க்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கோவை ஒரு மணி நேரத்தில் நின்றுபோகும். லங்கா கார்னர் பாலம், கிக்கானி பள்ளிக்கு அருகில் உள்ள சுரங்கப்பாதை, அவினாசி சாலைப் பழைய மேம்பாலத்தின் கீழ்ப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் தண்ணீர் நின்றுவிட்டால் ஊரின் நடுவே பஸ்கள் சுற்றிப் போகும், சில நடைகள் ரத்தாகும். அறையும் கல்லூரியும் இந்தப் பாலங்களுக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு இதில் பாதிப்பு இல்லை. சத்தி சாலையிலிருந்து காந்திபுரம் வந்து மாறுகிறவர் நெரிசலில் மாட்டிக்கொள்வார். அறை முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரவைப் பற்றிக் கேட்காமலே விட்டுவிட்டீர்கள், ஆனால் மாணவர்களை வண்டி வாங்க வைப்பது பகல் அல்ல, இரவுதான். ஆய்வகம் முடிய நேரமாகும், நூலகத்தில் உட்கார வேண்டியிருக்கும், பிறந்தநாள், சினிமா என்று ஏதாவது வரும். ஒன்பது மணிக்கு மேல் டவுன் பஸ் குறைந்துகொண்டே வரும். உங்கள் தடத்தில் கடைசி நடை எத்தனை மணிக்குக் காந்திபுரத்தில் கிளம்புகிறது என்பதை நேரக் காப்பாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு முந்தைய நடையை உங்கள் கடைசி நடையாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கூட்டம் இல்லாத நாளில் கடைசி நடையை எடுக்காமல் வண்டியைக் கிளைக்கு, அதாவது டிப்போவுக்கு, கொண்டுபோய்விடுவதும் உண்டு. அதையும் தவறவிட்டால் நான்கு பேர் சேர்ந்து ஆட்டோ பிடியுங்கள். செயலியில் கூப்பிட்டாலும் தெருவில் பிடித்தாலும் ஏறும் முன் கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள். மாதம் மூன்று நான்கு முறை இப்படி ஆட்டோவுக்குக் கொடுப்பது வீண் செலவு என்று வீட்டில் நினைப்பார்கள். வண்டி வைத்திருந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

அந்தக் கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர், மாதம் இருபத்தாறு நாள் என்றால் ஐந்நூற்று இருபது கிலோமீட்டர். லிட்டருக்கு நாற்பத்தைந்து கொடுத்தால் பதினொன்றரை லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற விலையில் ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆகிவிடும். இது கல்லூரி போய்வர மட்டும். வண்டி இருந்தால் அதோடு நிற்கமாட்டீர்கள். இதற்கு மேல் மாதத் தவணை, சர்வீஸ், டயர். புதிய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருடத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும் என்பதால் கடைக்காரர் சொல்கிற விலைக்கும் சாலைக்கு வரும் விலைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். மறுபக்கத்தில், கறவை மாடு வீட்டில் நின்றால் தினமும் சொசைட்டிக்குப் பால் போகும், வாரம் தவறாமல் பணம் வரும். அந்தப் பணம் உங்கள் அறை வாடகை. வருமானம் தருகிறதை விற்றுச் செலவு வைக்கிறதை வாங்க வேண்டுமா என்று அப்பாவிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். மாட்டின் அருமை அவருக்குத் தெரியாததல்ல. மகன் வெளியூரில் கஷ்டப்படக் கூடாது என்றுதான் அவர் விற்கத் துணிகிறார்.

சட்டத்தையும் பாருங்கள். பன்னிரண்டு முடித்து வருகிற பலருக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும். பதினாறு வயதில் கிடைக்கிற உரிமம் ஐம்பது சி.சி.க்குள் உள்ள கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். கடையில் விற்கிற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் எல்லாமே அதைவிடப் பெரியவை. பதினெட்டு நிறையாமல் ஓட்டிப் பிடிபட்டால் வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் வயது என்ன என்று தெரியவில்லை. பதினெட்டு ஆகவில்லை என்றால் இந்த வருடத்துக்கு அந்தக் கேள்வியே எழக்கூடாது. வயது ஆகியிருந்தாலும், சாலையில் உயிர் விடுகிறவர்களில் இரு சக்கர வண்டிக்காரர்கள்தான் அதிகம் என்பதை மறக்காதீர்கள். விபத்து நடந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் பார்த்தவன் சொல்கிறேன், பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள், தலைக்கவசம் வண்டியின் கண்ணாடியில் மாட்டியிருக்கும்.

வண்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்றாம், நான்காம் ஆண்டில் பயிற்சிக்கு அரசூர், நீலம்பூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் கிடைக்கலாம். பகுதி நேர வேலை இரவில் முடியலாம். அப்போது தேவை வந்துவிட்டது என்று அர்த்தம், பழைய வண்டி ஒன்றை மெக்கானிக்கிடம் காட்டி வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் ஊரும் பழகியிருக்கும். மெட்ரோ வந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். உக்கடத்திலிருந்து அவினாசி சாலை வழியாக நீலம்பூருக்கும், கோவைச் சந்திப்பிலிருந்து சத்தி சாலை வழியாக வலியம்பாளையத்துக்கும் மாநில அரசு போட்ட திட்டத்தை, மக்கள்தொகை இருபது லட்சத்துக்குக் குறைவு என்று காரணம் காட்டி 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. நாளை மனம் மாறி ஒப்புக்கொண்டாலும் கட்டி முடிப்பதற்குள் உங்கள் படிப்பு முடிந்துவிடும்.

கடைசியாக ஊருக்குப் போய்வருவது. உடுமலை பஸ் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு வழியாக உக்கடத்துக்குத்தான் வரும். காந்திபுரத்துக்குப் போய்க் காத்திருக்காதீர்கள். அவினாசி சாலையிலிருந்து உக்கடம் போக நேர் டவுன் பஸ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் காந்திபுரத்தில் மாற வேண்டும். வெள்ளி மாலை உக்கடத்தில் ஏறுவதும் ஞாயிறு மாலை பொள்ளாச்சியில் ஏறுவதும் பெரும்பாடு. வெள்ளி இரவு எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் கூட்டம் வடிந்திருக்கும். திரும்பும்போது திங்கள் விடியற்காலை முதல் நடைகளில் ஒன்றைப் பிடித்தால் வகுப்புக்கு முன் வந்துவிடலாம், ஞாயிறு இரவும் வீட்டுச் சாப்பாடு. பொள்ளாச்சி, போத்தனூர் வழியாக வரும் ரயிலும் இருக்கிறது, நேரம் ஒத்துவந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் கோவைக்கு வந்து இரண்டு மூன்று அறைகளைப் பாருங்கள். பார்த்த இடத்துக்கு அருகில் உள்ள நிறுத்தத்தின் பெயர், அங்கே அரை மணி நேரம் நின்றதில் எத்தனை பஸ்ஸில் ஏற முடிந்தது, கல்லூரி எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று எழுதுங்கள். எதை முடிவு செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.